பலகையில் நகர்ந்த வாய்க்கால்

பலகை என்றால் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருக்குமே, அது இல்லை. இது இணையத்தில் இருக்கிற வெள்ளைப் பலகை. எத்தனை பேர் வேண்டுமானாலும், எந்த ஊரில் இருந்துகொண்டு வேண்டுமானாலும், ஒரே நேரத்தில் அதில் எழுதலாம், கோடு போடலாம், மஞ்சள் சீட்டு ஒட்டலாம், அடுத்தவர் போட்டதைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கலாம். இந்தக் கடைசி வசதியைக் கண்டுபிடித்த மகானுக்குப் பங்காளி என்று ஒருத்தன்கூட இருந்திருக்க மாட்டான்.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். பார்ப்பது என்னவோ புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில், பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற என் புகுந்த வீட்டு மாடி அறையில். கொரோனா சமயத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். கணவர் விவசாயம் பார்க்கிறார். என் கம்பெனிக்கு இந்தப் பலகையின் மேல் அப்படி ஒரு காதல். திங்கட்கிழமை காலையில் மேனேஜர்கள் எல்லாரும் அதில் கூடி ஆளுக்கு நாலு சீட்டு ஒட்டுவார்கள். ‘ஒத்துழைப்பு’, ‘வேகம்’, ‘வாடிக்கையாளரே முதலில்’. பிறகு ஒரே மாதிரிச் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து வட்டம் போடுவார்கள். வட்டத்துக்கு ஒரு பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரும் ‘ஒத்துழைப்பு’ என்றே இருக்கும். வேலை ஒரு துரும்பளவு நகர்ந்திருக்காது, ஆனால் பலகை மட்டும் திருவிழாக் கடைத்தெரு மாதிரி கலர் கலராக இருக்கும். அதைப் பார்த்துப் பூரித்துப்போய்க் கலைவார்கள்.

அந்தப் பலகையை உபயோகிக்கிறவர்களுக்கென்று ஒரு பயனர் சமூகமும் உண்டு. உலகம் முழுக்க ஆள். அதில் சேர்ந்து நாலு விஷயம் கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று என் மேனேஜர் உத்தரவு போட்டார். சேர்ந்தேன். புதிதாக வருகிறவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டுமாம், ஊரையும் சொல்ல வேண்டுமாம், ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றும் எழுத வேண்டுமாம். நானும் வேலை மெனக்கெட்டு, புதுக்கோட்டை என்றும், சித்தன்னவாசலில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன என்றும் எழுதினேன். ஒரு அம்மாள் உடனே பதில் போட்டாள். அவள் பாண்டிச்சேரிக்கு வந்திருக்கிறாளாம், அங்கே பிரெஞ்சு ரொட்டி பிரமாதமாம். அதற்கு ஏகப்பட்ட பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அங்கே கேள்வி கேட்டால் முதலில் கேள்வியைப் பாராட்டுவார்கள். அடுத்தவர் வந்து அந்தப் பாராட்டைப் பாராட்டுவார். மூன்றாவது ஆள் தனக்கும் இதே கேள்வி உண்டு என்று சொல்லிவிட்டுக் கைதட்டுகிற பொம்மையை ஒட்டுவார். பதில் மட்டும் வராது. பல் வலிக்கிறது என்று போனால், சிரிப்பு அழகாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிற டாக்டர் கூட்டம். நிறைய எழுதுகிறவர்களுக்கு பேட்ஜ் கொடுப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் மின்னும். அந்த நட்சத்திரத்துக்காக ராப்பகலாக உட்கார்ந்து ‘அருமை’, ‘அபாரம்’ என்று தட்டுகிற பெரிய மனிதர்களை அங்கேதான் பார்த்தேன். மாதம் ஒருமுறை எல்லாரும் பலகையில் கூடுவார்கள். ‘இன்றைய உங்கள் மனநிலையை ஒரே வார்த்தையில் ஒட்டுங்கள்’ என்பார்கள். ‘பசி’ என்று ஒட்டினேன். அதற்கும் இதயம் போட்டார்கள்.

இந்தக் கூத்தை ஊருக்குள் இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வடக்கே இருந்து ஓர் ஓடை வருகிறது. மேலே அது புறம்போக்கு. கீழே வந்து எங்கள் குடும்பத்துப் பட்டா நிலத்தில் முட்டும். அங்கிருந்து கண்மாய் வரைக்கும் தண்ணீர் வயலுக்குள் ஓடுகிற ஒரு வாய்க்கால் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாய்க்கால் எந்த வரைபடத்திலும் கிடையாது, வழக்கத்தில் ஓடிய தண்ணீர். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அது தூர்ந்து, உழவுக்குள் போய், இருந்த அடையாளமே தெரியாமல் ஆகிவிட்டது. அதனால் வருகிற ஓடைத் தண்ணீரெல்லாம் வயல்களில் பரவிப் பயிரை அழுக வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் ஓடிப்போய்விடும். கண்மாய் பாதிகூட நிரம்பாது. கண்மாய் நிரம்பாவிட்டால் தையில் அறுக்க ஒன்றும் இருக்காது. இந்த ஐப்பசி மழைக்கு முன் வாய்க்காலை வெட்டியே ஆவது என்று ஊர் கூடி முடிவெடுத்து, பொக்லைனுக்கும் சொல்லி வைத்தாயிற்று. எந்த வயலில் வெட்டுவது என்பதை எங்கள் குடும்பம் பேசிச் சொல்ல வேண்டும். அதுதான் பாக்கி.

ஓடை முட்டுகிற இடத்தில் குடும்பத்தின் ஐந்து பங்கும் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாகக் கிடக்கின்றன. மேற்கோரம் எங்களுடையது. அடுத்தது என் கொழுந்தனாருடையது, அவர் கத்தாரில் இருக்கிறார். மூன்றாவது கணவரின் பெரியப்பா மகனுடையது, பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ரிட்டையராகிச் சென்னையில் இருக்கிறவர். நான்காவது அவருடைய தம்பியுடையது, அவர் சிங்கப்பூர். கடைசியாகக் கிழக்கோரத்தில் சின்னத்தையின் வயல். சின்னத்தை கணவருடைய சித்தப்பாவின் மனைவி. சித்தப்பா காலமாகிவிட்டார். ஒரே மகள், அவளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. சித்தப்பாவின் வைத்தியத்துக்கு விற்றது போக மிச்சம் இருக்கிற அந்த ஒடுங்கல் துண்டிலும், நாலு ஆட்டிலும்தான் அவருடைய பிழைப்பு. வாய்க்காலும் அதன் இரண்டு கரையும் அந்தத் துண்டுக்குள் போனால், மீதியில் டிராக்டர் திரும்பக்கூட இடம் இருக்காது. மற்றவர்கள் வயலில் போனால் ஓர் ஓரம் போகும். சின்னத்தை வயலில் போனால் சோறு போகும்.

வெளியூர்க்காரர்கள் மூன்று பேரும் குடும்பக் குழுவில் குரல் பதிவு போட்டே கொன்றார்கள். கேட்டு முடிப்பதற்குள் என்ன சொல்ல வந்தார்கள் என்பது நமக்கும் மறந்துவிடும், அவர்களுக்கும் மறந்துவிடும். பொறுக்க முடியாமல், பலகையில் போட்டுப் பேசலாம் என்று நான் சொன்னேன். செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பலகையில் வைத்தேன். ஐந்து வயலுக்கும் ஐந்து கலர் அடித்துப் பெயரை எழுதினேன். வாய்க்காலை எங்கே போடுவது என்று கணவரைக் கேட்டேன்.

“இப்பத்திக்கு நடுவுல போட்டு வையி. அப்பறம் பேசிக்கிருவோம்” என்றார்.

மூன்றாவது வயலின் நடுவில் நீலத்தில் ஒரு கோடு போட்டு எல்லாருக்கும் லிங்க் அனுப்பினேன். சின்னத்தையிடம் இருந்தது பட்டன் போன். நேரில் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“ஒங்க சார்பா நான் பாத்துக்கிறேங்க, சின்னத்தை.”

“நல்லாப் பாத்துக்க ஆத்தா” என்றார். ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பலகையைத் திறந்தால் கோடு நான்காவது வயலில் கிடந்தது. மத்தியானம் பார்த்தால் இரண்டாவது வயலில். சாயங்காலம் மறுபடி மூன்றில். கணக்குத் தொடங்காமல் உள்ளே வருகிறவர்களைப் பலகை ‘விருந்தினர்’ என்றுதான் காட்டும். எங்கள் பங்காளிகள் ஒருத்தர்கூடச் சொந்தப் பேரில் வரவில்லை, எல்லாரும் விருந்தினர்கள். ஆனால் கோடு எந்த வயலை விட்டுக் கிளம்புகிறதோ அந்த வயல்காரர்தான் விருந்தினர் என்று கண்டுபிடிக்கச் சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் முதலில் விடியும், கோடு நான்காவது வயலை விட்டுக் கிளம்பும். சென்னையில் காப்பி குடித்து முடித்ததும் மூன்றாவது வயல் காலியாகும். கத்தாரில் ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டாவது வயல் சுத்தமாகிவிடும்.

வருஷா வருஷம் வரப்பை ஒரு மண்வெட்டி அளவுக்குக் கொத்திக் கொத்தி அடுத்தவன் நிலத்துக்குள் தள்ளுவது எங்கள் பக்கத்தில் பரம்பரையாக நடக்கிற திருட்டு. அதற்காவது வெயிலில் போய்க் குனிந்து நிமிர வேண்டும். இவர்கள் ஏசி அறையில் சாய்ந்துகொண்டு ஒற்றை விரலால் ஒரு வாய்க்காலையே தூக்கி அடுத்தவன் தலையில் போட்டார்கள். படித்தவர்கள் வேறு. பேங்க்காரர் கோட்டை நகர்த்தியதோடு நிற்காமல், பக்கத்தில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார். ‘பொது நலனே முக்கியம்’ என்று ஆங்கிலத்தில்.

ஒருநாள் காலை கோடு எங்கள் வயலுக்குள் கிடந்தது. சரி, பேசிக்கொள்ளலாம் என்று குளிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால் இரண்டாவது வயலுக்குப் போயிருந்தது. கத்தாரில் கோழி கூவாத நேரம் அது. கணவரைக் கேட்டேன்.

“ஒன் லேப்டாப்புக்கு சார்ஜரை மாட்டுனேன். கை பட்டிருக்கும்” என்றார்.

சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். கட்டின புருசன் என்றால் கை படத்தான் செய்யும்.

இப்படி அங்கும் இங்கும் அலைந்த கோடு கடைசியில் சின்னத்தையின் வயலில் போய்ப் படுத்துவிட்டது. அங்கிருந்து அதை நகர்த்த ஆள் இல்லை. நான் தூக்கி நடுவில் வைப்பேன். ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால், சாயங்காலம் தொழுவத்துக்குத் திரும்பின மாடு மாதிரி மறுபடி கிழக்கோரத்தில் நிற்கும். சின்னத்தை ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வழியாகப் போகும்போது மாடியைப் பார்த்துக் கேட்பார்.

“இன்னைக்கு எங்கிட்டுக் கெடக்கு?”

“ஒங்க பக்கந்தாங்க. நகத்தி வச்சிருக்கேன்.”

“ம்” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ‘ம்’மைக் கேட்கும்போதெல்லாம் மூன்று பேரையும் நிற்க வைத்து அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வரும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி எல்லாரும் பார்க்க மட்டும்தான் முடியும், கோட்டைத் தொட முடியாது என்று பலகையை மாற்றினேன். சாயங்காலத்துக்குள் பேங்க்காரர் கூப்பிட்டுவிட்டார்.

“இங்க பாரும்மா, நான் ஒரு பிராஞ்சையே நடத்துனவன். என்னைய ஓரமா நின்னு வேடிக்கை பாக்கச் சொல்றியா? பங்காளின்னா சம பாத்தியதை. ஒனக்குப் பேனா உண்டுன்னா எனக்கும் பேனா உண்டு.”

கொழுந்தனார் கத்தாரிலிருந்து அண்ணனுக்குப் போன் போட்டு, அண்ணி எங்களை ஆளாகவே மதிக்கவில்லை என்று அழாத குறையாகச் சொன்னார். சிங்கப்பூர்க்காரர் பேசவே இல்லை, குடும்பக் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். எங்கள் ஊரில் பங்காளிக்குச் சோறு போடாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். சபையில் சமமாக உட்கார வைக்காவிட்டால் பேரன் காலம் வரைக்கும் பேச்சு வார்த்தை இருக்காது. வாய்க்கால் எக்கேடு கெட்டாலும் சரி, கையில் பேனா இருக்க வேண்டும்.

“குடுத்துத் தொலையேன். ஒனக்கு எதுக்கு ஊர்ப் பொல்லாப்பு?” என்றார் கணவர். கொடுத்துத் தொலைத்தேன்.

வேறு வழியில்லாமல்தான் அந்தப் பயனர் சமூகத்தில் போய் நின்றேன். பலகையைப் படம் பிடித்துப் போட்டு, வயல்களையும் வாய்க்காலையும் விளக்கி, எல்லார் கையிலும் பேனா இருக்கும்போதே ஒரு கோட்டை மட்டும் நகராமல் செய்ய வழி உண்டா என்று கேட்டேன். சின்னத்தையின் நிலைமையையும் எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. முதலில் ஒருவர் என் கலர்த் தேர்வைப் பாராட்டினார். இன்னொருவர், கோடு இத்தனை முறை நகர்கிறது என்றால் பங்கேற்பாளர்கள் எவ்வளவு ஈடுபாட்டோடு இருக்கிறார்கள் பாருங்கள் என்று வியந்தார். மூன்றாவது ஆள், கூட்டத்தைத் தொடங்கும்போது இறுக்கம் தளர ஒரு விளையாட்டு வைக்கச் சொன்னார். ஆளாளுக்குத் தங்களுக்குப் பிடித்த மிருகத்தின் படத்தை ஒட்ட வேண்டுமாம். பேங்க்காரர் என்ன படம் ஒட்டுவார் என்று எனக்குத் தெரியாது. நான் அவருக்கு எதை ஒட்டியிருப்பேன் என்று தெரியும்.

முகப்படம் இல்லாத ஓர் ஆள் மட்டும் இரண்டே வரியில் பதில் போட்டிருந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பலகையைத் தொடங்கியவர் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு ஒன்று உண்டு, அது இன்ன இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பதிலுக்கு ஒருத்தரும் இதயம் போடவில்லை. அந்த மனிதரை நேரில் பார்த்தால் டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பேன்.

ஆனால் பூட்டுவதற்கு முன்னால் எங்கே பூட்டுவது என்று முடிவாக வேண்டுமே. நானாக ஓர் இடத்தில் பூட்டினால் அதையும் அவமானம் என்பார்கள். பொக்லைன்காரனை வயலில் இறங்கவிடாமல் போனிலேயே நிறுத்துவார்கள்.

அந்த யோசனையில் இருந்தபோதுதான் சமூகத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. நான் போட்ட படத்தை ஓர் அன்பர் எடுத்து, அழகு பண்ணி, டெம்ப்ளேட்டாக மாற்றியிருந்தார். கம்பெனிகள் தங்கள் பயணத்தைச் சொல்வதற்கான மாதிரிப் படமாம். எங்கள் வாய்க்கால் நடுவில் வளைந்து ஓடியது, அதில் காகிதக் கப்பல் மிதந்தது. கொழுந்தனார் வயலில் ‘சவால்கள்’ என்று எழுதியிருந்தது. சின்னத்தையின் வயல் இருந்த இடத்தில் ‘வாய்ப்புகள்’ என்று எழுதியிருந்தது. அந்த மாதத்துச் சிறந்த டெம்ப்ளேட் என்று அதற்குப் பரிசும் கொடுத்துவிட்டார்கள். தூண்டுகோலாக இருந்ததற்காக எனக்கும் ஒரு நட்சத்திரம்.

ரத்தம் கொதித்துவிட்டது. நீ வாய்ப்புகள் என்று எழுதி வைத்திருக்கிற இடத்தில் ஒரு பொம்பளை கடலை போட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள், அந்த இடத்தைத்தான் எல்லாருமாகச் சேர்ந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் காறித் துப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. ‘எவ்வளவு வலிமையான கதை. பகிர்ந்ததற்கு நன்றி.’ கீழே வரிசையாக இதயங்கள். செருப்பால் அடித்தாலும் செருப்பின் டிசைனைப் பாராட்டுகிற ஜென்மங்களிடம் என்ன பேசுவது? மூடி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

எங்கள் பங்காளிகளாவது மனுஷ ஜாதி. முதுகுக்குப் பின்னால் வரப்பையே தின்றாலும், முகத்துக்கு நேரே கேட்டால் அவர்களுக்கு வாய் வராது. கல்யாணப் பந்தியில் இதே சின்னத்தையைப் பார்த்துவிட்டால், ‘வாங்க சித்தி’ என்று எழுந்து நின்று நலம் விசாரிப்பார்கள். முகதாட்சண்யம் என்று ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. பலகையில் எல்லாம் இருக்கிறது, முகம்தான் இல்லை, கோளாறே அதில்தான் என்று எனக்குப் பட்டது. திங்கட்கிழமை பொக்லைன் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் கேமராவைப் போட்டுக்கொண்டு பலகைக்கு வர வேண்டும், சின்னத்தையும் இருப்பார், அங்கேயே முடித்துவிடலாம் என்று ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். யாராலும் மறுக்க முடியவில்லை.

சின்னத்தை சலவைச் சேலை கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். அவரை நடுவில் உட்கார வைத்து, ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் கணவரும் உட்கார்ந்தோம். திரையின் ஓரத்தில் மூன்று முகங்கள் தெரிந்தன. பலகையில் கோடு வழக்கம்போலக் கிழக்கோரத்தில் கிடந்தது. யாரிடமும் நியாயம் பேச வேண்டாம், ஒவ்வொருத்தராகக் கேட்டால் போதும் என்று சின்னத்தையிடம் சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் கொழுந்தனார்.

“தம்பி, நல்லா இருக்கியா?”

“இருக்கேன் சின்னாத்தா. நீங்க எப்படி இருக்கீங்க?”

“இருக்கேன்ப்பா. வாய்க்காலை எங்கிட்டு வெட்டலாம்? நீ சொல்லு. நீ சொன்னாச் சரி.”

கொழுந்தனார் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “சின்னாத்தா, வெட்டி வெட்டி வருது. ஒண்ணும் கேக்கலை. நெட்வொர்க் இல்லைன்னு நெனைக்கிறேன்” என்றார். அவர் பேசியது எங்களுக்கு மணி மாதிரிக் கேட்டது. அப்புறம் அவர் இருந்த கட்டம் கறுப்பானது.

சிங்கப்பூர்க்காரர் தன் முறை வருகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. கொழுந்தனாரின் கட்டம் கறுப்பானதைப் பார்த்ததும் அவருடையதும் கறுப்பாகிவிட்டது.

மிச்சம் பேங்க்காரர். அவருக்குப் பதவிசாகப் பேச வரும். “சித்தி, இது ஜனநாயகமா முடிவு பண்ண வேண்டிய விஷயம். எல்லாரும் போர்டுல கருத்தைச் சொல்லியாச்சு. நான் தனியா என்ன சொல்றது?”

“நீ ஒன் கருத்தச் சொல்லுப்பா. எங்கிட்டு?”

“இங்க ஒரே இடியும் மின்னலுமா இருக்கு சித்தி. லைன் கட் ஆகப் போகுது” என்றார். அவருக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவரும் போனார்.

நான் பெரிதாக நம்பிய முகதாட்சண்யத்துக்கும் அணைக்கிற பொத்தான் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காசு பணம் உள்ளவர்கள், நாலு நாடு பார்த்தவர்கள், ஒரு பொம்பளை கேட்ட கேள்விக்கு எலி மாதிரி ஓடி ஒளிகிறார்கள். தூ என்று வாய்விட்டே சொன்னேன்.

சின்னத்தை அலட்டிக்கொள்ளவில்லை. மெதுவாக என் கணவர் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு தம்பி. எங்கிட்டு வெட்டலாம்?”

கணவர் திரையைப் பார்த்தார். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“மோட்டார் ஓடிக்கிட்டு இருக்கு சின்னாத்தா. நிறுத்திட்டு வாரேன்.”

மாடிப்படியில் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. எங்கள் மோட்டார் எரிந்துபோய் அறந்தாங்கியில் ரிப்பேருக்குக் கிடந்தது. அவர்தான் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். அது எனக்கும் தெரியும், சின்னத்தைக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

“என்ன சொல்லிட்டுப் போறான்?” என்று சின்னத்தை என்னைக் கேட்டார்.

“அவருக்கும் நெட்வொர்க் இல்லைங்க” என்றேன்.

அடுத்துச் செய்ததை நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு அப்படி ஓர் அருவருப்பு. அந்தக் கோட்டைப் பிடித்து மூன்று பேர் வயலையும் தாண்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வயலின் நடுவில் போட்டேன். மூன்று பேர் மூஞ்சியிலும், மோட்டாரை நிறுத்தப் போனவர் மூஞ்சியிலும் கரியைப் பூசிய மாதிரி இருந்தது.

“முடிஞ்சதுங்க. எங்க வயல்லயே வெட்டிக்கிறோம்.”

சின்னத்தை சந்தோஷப்படவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து வந்து உற்றுப் பார்த்தார்.

“இது ஒங்க வயலா?”

“ஆமாங்க.”

“இந்தக் கறுப்பு?”

“பனைங்க.”

“அப்ப இன்னுங் கொஞ்சம் மேக்க நகத்து ஆத்தா. பனைக்கு அந்தப் பக்கம். அங்கிட்டுத்தான் முன்னாடி ஓடுச்சு.”

“எது?”

“வாய்க்கா. வேற எது? ஒன் மாமனார்தானே அதைத் தூத்து ஒழுதாரு. நீ வாரதுக்கு முந்தி. ஒன் புருசனும் கூட நின்னு மண்ணு தள்ளுனான்.”

மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“எல்லாத்துக்கும் தெரியும். நீ போர்டும் கையுமா உக்காந்திருக்க. ஒன்கிட்ட வந்து எவன் சொல்லுவான், ஒங்க மாமனார் செஞ்சதுன்னு?”

“நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமே.”

சின்னத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என் புருசனுக்குக் கொள்ளி வச்ச பய அவன். எனக்கும் அவன்தான் வைக்கணும். அவனை நான் எப்படிச் சொல்ல? அவன் வாயால வருமான்னு பாத்தேன்.”

மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் எங்கே விழும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை நாளும் நான் சிங்கப்பூரைத் துப்பினேன், கத்தாரைத் துப்பினேன், அந்தச் சமூகத்து முகம் தெரியாத ஆட்களைத் துப்பினேன். அந்த மூன்று பேரும் கோழைகள்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. வாய்க்காலை அதன் சொந்த இடத்துக்குத் தள்ளினால் எங்கள் வீட்டுத் திருட்டை எங்கள் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும் என்று பயந்து, கேட்க ஆளில்லாத பக்கமாகத் தள்ளியிருக்கிறார்கள். எவனோ ஒருத்தனுக்கு ஒருநாள் துணிச்சல் வந்து எங்கள் வயலில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அன்றைக்குத்தான் என் கணவரின் கை பட்டது. அதற்கு நான் சிரித்தேன்.

கோட்டைப் பனைக்கு மேற்கே கொண்டுபோய் வைத்தேன். “இங்கிட்டா?” என்று கேட்டேன். சின்னத்தை, “இன்னுங் கொஞ்சம்” என்றார். “ம், அம்புட்டுத்தான்” என்றார். பலகையைத் தொடங்கியவர் மட்டும் திறக்கக்கூடிய அந்தப் பூட்டைப் போட்டேன். பொக்லைன்காரனுக்கும் குடும்பக் குழுவுக்கும் படத்தை அனுப்பினேன். அனுப்பின வேகத்தில் சென்னையிலிருந்தும் கத்தாரிலிருந்தும் கட்டைவிரல் வந்தது. நெட்வொர்க் திரும்பி வந்துவிட்டது போல.

சின்னத்தை உடனே கிளம்பவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன், ஆற்றி ஆற்றிக் குடித்தார். அவர் குடித்து முடிக்கிற நேரத்தில் கணவர் படியேறி வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பனை தெரிந்தது, அதற்கு மேற்கே நீலக் கோடு தெரிந்தது, கோட்டின் மேல் பூட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்னத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

“மோட்டாரை நிறுத்திட்டியா தம்பி?”

“நிறுத்திட்டேன் சின்னாத்தா” என்றார் என் கணவர், எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல்.